குகைக்கரடியின் காலடித்தடத்தை வாசிப்பது எப்படி: கொழும்பில் இருந்தபடியே ஒரு பயிற்சி

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையின் ஓரத்தில், வடிகாலை மூடுவதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் வார்த்த கொங்கிறீற்றுப் பலகையொன்று கிடக்கிறது. அது இறுகுவதற்குள் ஒரு தெருநாய் அதன்மேல் நடந்து போயிருக்கிறது. நான்கு விரல்களும், அவற்றின் நுனியில் நகப் புள்ளிகளும், நடுவே முக்கோணம் போன்ற மெத்தையும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. மூன்றாவது தடத்தில் மட்டும் விரல்கள் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கின்றன. அந்த இடத்தில் நாய் சட்டென்று திரும்பியிருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் என்னிடம் விஞ்ஞானம் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பனியுகக் கரடிகளின் தடங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் முன், அவர்களை இந்தப் பலகையின் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவேன்.

குகைக்கரடி இலங்கையில் வாழ்ந்ததில்லை. ஐரோப்பாவின் சுண்ணாம்புக்கற் குகைகளில் பனிக்காலம் முழுவதும் உறங்கிக் கிடந்து, ஏறத்தாழ 24,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன இனம் அது. எலும்புகளை ஆராய்ந்து 1794இல் அதற்கு ஊர்சஸ் ஸ்பெலேயஸ் என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான ரோசன்முல்லர். பெரிய ஆண் கரடி 400 முதல் 500 கிலோகிராம் வரை எடையுள்ளது. பெண் அதில் ஏறக்குறையப் பாதி. அந்தக் குகைகளுக்குப் போகும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிடைக்காமற் போகலாம். ஆனால் தடத்தின் படமொன்று கையில் கிடைத்தால் அதை ஒழுங்காக வாசிப்பதற்கு வேண்டிய பயிற்சியைக் கடற்கரையிலும் வீட்டு முற்றத்திலும் தெஹிவளையிலும் பெற்றுக்கொள்ள முடியும்.

குகைச் சேறு எதை வைத்திருக்கிறது

வெளியே பதியும் தடத்தை மழை கரைக்கும், வெயில் வெடிக்கச் செய்யும், புல்வேர் குலைக்கும். ஆழமான குகைக்குள் இவை எதுவும் இல்லை. வெப்பநிலையும் ஈரப்பதனும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கின்றன. கூரையிலிருந்து சொட்டும் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, தடத்தின்மேல் கல்சைற்றுப் படலமாகப் படிந்து அதை மூடிவிடுவதும் உண்டு. அப்படி மூடப்பட்ட தடம் எங்கள் கொங்கிறீற்றுப் பலகை போல உறுதியாகிவிடும். மூடப்படாத தடமோ பல்லாயிரம் ஆண்டு கடந்தும் வெறும் களியாகவே கிடக்கும். ஒரு விரல் பட்டாலும் குழிந்துவிடும். உயிர்ச்சுவடு என்றவுடன் கல்லாக மாறிய பொருளையே நினைக்கப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றும். குகைத் தடங்களைத் தொடாமல் படிப்பதற்கு இத்தனை முறைகள் உருவானதற்கு இந்த மென்மையே காரணம்.

நம் நாட்டு நிலையோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் கிடைத்த நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்களைப் பி. ஈ. பி. தெரணியகல ஆராய்ந்து விவரித்தார். அந்த எலும்புகளும் பற்களும் ஆற்றுச் சரளையோடு உருண்டு வந்து தங்கியவை. உருண்டு வரும் சரளையில் பல் தப்பும், எலும்பும் தப்பும், தடம் தப்பாது. பாகியன்கலை போன்ற நம்முடைய தொல்மனிதக் குகைகள் பெரும்பாலும் திறந்த பாறைத் தாழ்வாரங்களே அன்றி, ஒளி புகாத நீண்ட சுரங்கக் குகைகள் அல்ல.

கரடியின் பாதத்தை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள்

நாயும் பூனையும் விரல்களில் நடக்கின்றன. கரடி நம்மைப் போல் உள்ளங்காலை ஊன்றி நடக்கிறது. அதற்கு ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல்கள் உண்டு. பின்கால் தடம் நீளமானது. குதிகாலிலிருந்து விரல்வரை முழு உள்ளங்காலும் பதியும்போது, முதற்பார்வையில் வெறுங்காலுடன் நடந்த ஒரு மனிதரின் தடம் என்றே மயங்க வைக்கும். முன்கால் தடம் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். விரல்களுக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் ஒரு மெத்தையும், சில வேளைகளில் அதற்குப் பின்னே சிறு பொட்டுப் போன்ற இன்னொரு பதிவும் அதில் காணப்படும்.

மயக்கத்தைத் தீர்க்கும் முதற்குறி பெருவிரல் இருக்கும் பக்கம். நமக்குப் பெரிய விரல் உட்புறத்தில் இருக்கிறது. கரடிக்குப் பெரிய விரல் வெளிப்புறத்தில், நம் சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் இருக்கிறது. உட்புற விரலே மிகச் சிறியது. ஆகவே கரடியின் வலது பின்கால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு மனிதரின் இடது கால் போலத் தோன்றும். உட்புறச் சிறுவிரல் சில தடங்களில் பதியாமலே போய்விடுவதால், நான்கு விரல்களே தெரிகின்றன என்பதை வைத்து அது கரடியன்று என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது நகம். கரடி பூனையைப் போல நகத்தை உள்ளிழுப்பதில்லை. முன்கால் நகங்கள் நீளமானவை என்பதால் அவற்றின் குத்துகள் விரற்பதிவிலிருந்து நன்கு தள்ளியே விழும். பின்காலில் அந்த இடைவெளி குறைவு. மூன்றாவது குதிகால். மனிதக் குதிகால் அகன்று ஆழமாகப் பதியும். உள்ளங்காலின் உட்பக்கம் வளைந்து மேலெழுவதால் அங்கே தடம் மெலியும். கரடியின் குதிகால், விரற்பக்கத்தோடு ஒப்பிடும்போது ஒடுங்கியது. நான்காவது நடை: கரடியின் இடப்பக்கத் தடங்களும் வலப்பக்கத் தடங்களும் ஒன்றிலிருந்து ஒன்று அகன்று கிடக்கும், முன்பாதங்கள் உட்புறமாகத் திரும்பியிருக்கும். சாதாரண நடையில் பின்கால், அதே பக்க முன்கால் பதிந்த இடத்தைத் தாண்டிச் சற்று முன்னே போய் ஊன்றும். அதனால் முன்காலின் குட்டைத் தடமும் பின்காலின் நீண்ட தடமும் ஒரு சோடியாகக் கிடைக்கும். சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, வழக்கத்துக்கு மாறான ஒற்றைப் பெருந்தடம் போலத் தோன்றும்.

இந்த நான்கையும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஒருமுறை வரையட்டும். பார்த்து வரைந்த கோடு மனதில் நிற்பதுபோல் வாசித்த வரி நிற்பதில்லை என்பது என் அனுபவம்.

கடற்கரையில் செய்ய வேண்டியது

மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் வெள்ளவத்தைக் கரை ஒடுங்கி, அலையும் மூர்க்கமாகிவிடும். டிசெம்பருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலையொன்றைத் தெரிவு செய்யுங்கள். கரைக்குப் போக இரயில் பாதையைக் கடக்க வேண்டும் என்பதால் சிறு பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவராவது போவது அவசியம். ஓர் அடிமட்டம், அளவு நாடா, பென்சில், கொப்பி, கைத்தொலைபேசி ஆகியவை போதும்.

அலை நனைத்துப் போன இறுக்கமான மணலில் ஒரு பிள்ளையை வெறுங்காலுடன் முதலில் நிற்கவும், பின்பு நடக்கவும், ஓடவும், பாதி வழியில் திரும்பவும் சொல்லுங்கள். அதே பாதத்தின் நான்கு தடங்களையும் அளந்தால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஓடும்போது குதிகால் பதியாது; திரும்பும்போது ஒரு பக்க மணல் வரம்பாகத் தள்ளப்படும்; நீர் ஊறிய மணலில் ஓரங்கள் சரிந்து தடம் சிறுத்துவிடும். தடம் என்பது பாதத்தின் அச்சு மட்டுமன்று. அந்தப் பாதமும் அந்த நேரத்து அசைவும் அந்தச் சேற்றின் ஈரமும் சேர்ந்து எழுதியது. இதை உணர்ந்துவிட்ட ஒருவர், ஒற்றைத் தடத்தைக் காட்டி விலங்கின் பெயரைக் கேட்டால் உடனே விடை சொல்ல மாட்டார்.

அளக்கும் முறையில் சில கட்டுப்பாடுகள் உண்டு. தடத்தின் மேல்விளிம்பை அளக்காமல், அடித்தளத்தை அளக்க வேண்டும். விளிம்பு சரிந்தும் விரிந்தும் ஏமாற்றும். நகங்களைச் சேர்க்காமல் நீளத்தையும், மிக அகன்ற இடத்தில் அகலத்தையும், விரல் நுனிக்கும் நகக் குத்துக்கும் உள்ள இடைவெளியையும் தனித்தனியே குறியுங்கள். குதிகால் பதியாத தடங்கள் பல இருப்பதால் நீளத்தைவிட அகலத்தையே நான் அதிகம் நம்புகிறேன். பின்பு ஒரே காலின் அடுத்தடுத்த இரு தடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தையும், இடத் தட வரிசைக்கும் வலத் தட வரிசைக்கும் உள்ள அகலத்தையும் அளக்க வேண்டும். மூன்று தடங்களேனும் தொடர்ச்சியாக இல்லாவிட்டால் நடையைப் பற்றி எதுவும் எழுதாமல் விடுவதே நேர்மை.

படம் எடுக்கும்போது அடிமட்டத்தைத் தடத்தின் ஓரத்தில், அதன் ஆழத்துக்கு ஒத்த மட்டத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியை நேர் மேலே, தரைக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். உச்சிவெயிலில் தடம் தட்டையாகிவிடும். காலை எட்டு மணிக்கு முன் சாய்ந்து விழும் ஒளியில் விரல் மடிப்புகூடத் தெரியும். குகைக்குள் ஆய்வாளர்கள் விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பிடிப்பதும் இந்தச் சாய்ந்த நிழலுக்காகத்தான். கணினியில் முப்பரிமாண உருவம் அமைக்க விரும்புவோர், தடத்தைச் சுற்றி வந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழும்படி முப்பது நாற்பது படங்கள் எடுக்க வேண்டும். அதற்கு மட்டும் அழுத்தமான நிழல் விழாத மங்கிய ஒளியே ஏற்றது.

அச்செடுத்தல்

உண்மையான குகைத் தடத்தில் இதைச் செய்யவே கூடாது. களிமண்ணில் நாமே பதிப்பித்த தடத்தில் செய்தால், தடத்தின் உள்வடிவைக் கையால் தடவிப் படிக்க முடியும். ஒரு தட்டில் நான்கைந்து சென்ரிமீற்றர் தடிப்புக்குக் களியைப் பரப்பி, வீட்டு நாயையோ பூனையையோ அதன்மேல் நடக்க விடுங்கள். பால்மாப் பெட்டியின் அட்டையை நீளவாட்டில் வெட்டி வளையமாக்கித் தடத்தைச் சுற்றி ஊன்றுங்கள். பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் மாவு இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு என்ற அளவில், தண்ணீருக்குள் மாவைத் தூவிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். அதை நேராகத் தடத்துக்குள் கொட்டினால் விரல் முனைகள் உடைந்துவிடும். ஒரு கரண்டியின் முதுகில் விழச் செய்து ஓரத்திலிருந்து மெல்ல நிரம்ப விடுங்கள்.

நான் முதன்முறை இதைக் கடற்கரையில் செய்தபோது குடிதண்ணீர் கொண்டுபோக மறந்து, கடல்நீரிலேயே கலக்கினேன். உப்பு பிளாஸ்டரின் இறுகலை விரைவுபடுத்திவிடும். பாதி ஊற்றுவதற்குள் வாளியிலேயே அது கல்லாகிவிட்டது; பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் காவல் காத்த நண்டுத் தடம் வீணாயிற்று. ஆகவே தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அச்சு முக்கால் மணித்தியாலத்தில் தூக்கக்கூடிய அளவுக்கு இறுகினாலும், கொழும்பின் ஈரக்காற்றில் முற்றாக உலர இரண்டு நாள் எடுக்கும். அதற்கு முன் கழுவாதீர்கள். மிஞ்சிய பிளாஸ்டரைத் தண்ணீர்த்தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைபடும். அச்சின் முதுகு இறுகுவதற்குள் திகதியும் இடமும் எந்தக் கால் என்பதும் ஒரு குச்சியால் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தெஹிவளையில் ஒரு பகல்

உயிருள்ள கரடியின் பாதத்தைப் பார்க்காமல் அற்றுப்போன கரடியின் தடத்தைப் படிப்பது கடினம். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் கரடியின் முன்னே அரை மணித்தியாலம் நின்று கால்களை மட்டும் கவனியுங்கள்: பின்கால் எங்கே ஊன்றுகிறது, முன்பாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது, உடலின் எடை எப்போது எந்தக் காலுக்கு மாறுகிறது. நம் காட்டுக் கரடி கறையான் புற்றைக் கிளறி உண்பது. அதற்கேற்ப நீண்டு வளைந்த நகங்களும், ஏறக்குறைய நேர்வரிசையில் அமைந்து உரோமமற்ற தோலால் இணைந்த விரல் மெத்தைகளும் அதற்கு உண்டு. பெரும்பாலும் தாவரங்களை உண்ட குகைக்கரடியின் பாதம் இதே அமைப்புடையதன்று. நடையும் ஊன்றலும் ஒத்தவை, விரல் வரிசையும் நகமும் வேறானவை என்பதை மனதிற் கொண்டே ஒப்பிட வேண்டும். வில்பத்துவிலோ யாலவிலோ மணற்பாதையில் கரடித் தடம் கண்டால், வாகனத்தை விட்டு இறங்குவதற்கு அங்கே அனுமதியில்லை. மேலிருந்தபடியே படம் எடுங்கள்.

யார் முதலில், யார் பின்னால்

ஒரே தரையில் இரண்டு உயிர்களின் தடங்கள் கிடந்தால், அவை ஒன்றாக நடந்தன என்று நம் மனம் உடனே கதை கட்டிவிடும். இத்தாலியின் லிகூரியாவில், தோய்ரானோ ஊரிலுள்ள பாசுரா குகையில் அதுவே நடந்தது. 1950இல் அதன் உட்பகுதி திறக்கப்பட்டபோது மனிதக் காலடிகளும் குகைக்கரடிகளின் தடங்களும் குவியலாகக் கரடி எலும்புகளும் சேர்ந்தே காணப்பட்டன. நியண்டர்தால் மனிதர் கரடி வேட்டைக்கு வந்தார்கள் என்று அக்காலத்து ஆய்வாளர்கள் கருதினார்கள். பின்னர் காலத்தைக் கணித்துப் பார்த்ததில், மனிதத் தடங்கள் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தியவை, நம் இனத்தாருடையவை என்று தெரிந்தது. கரடிகள் அதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயிருந்தன. 2019இல் வெளியான ஆய்வு, அங்கே வந்தவர்கள் ஐந்து பேர், அவர்களுள் இருவர் சிறு பிள்ளைகள் என்று காட்டியது. தாழ்ந்த கூரையின் கீழ் அவர்கள் முழங்காலிட்டு ஊர்ந்து போனதும் களியில் பதிந்திருக்கிறது.

முன்பின்னை அறியச் சில வழிகள் உண்டு. ஒரு தடம் இன்னொன்றின் விளிம்பை வெட்டினால் வெட்டியது பிந்தியது. கல்சைற்றுப் படலத்தின் கீழே இருப்பது படலத்துக்கு முந்தியது. படலத்தின் வயதை யுரேனியம்–தோரியம் முறையிலும், கீழுள்ள எலும்பின் வயதைக் கதிர்க்காபன் முறையிலும் கணித்துவிட்டால் தடம் அவ்விரண்டுக்கும் நடுவே வந்து நிற்கும். 1994 டிசெம்பரில் பிரான்சின் ஆர்தேஷ் பள்ளத்தாக்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஷோவே குகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கரடிகளின் தடங்களும், அவை பனியுறக்கத்துக்காகத் தோண்டிய குழிகளும், சுவரில் நகக் கீறல்களும், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மண்டையோடுகளும் இருக்கின்றன. சில கீறல்கள் ஓவியத்துக்குக் கீழே, சில ஓவியத்துக்கு மேலே. குகையின் வாயிலைப் பாறைச்சரிவு ஏறத்தாழ 21,500 ஆண்டுகளுக்கு முன் முற்றாக அடைத்துவிட்டது. ஆதலால் உள்ளே கிடக்கும் கரடித் தடம் எதுவும் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

இதைப் பிள்ளைகளுடன் பயில்வது எளிது. மணலில் இருவர் வெவ்வேறு வேளையில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கட்டும்; அதைப் பார்த்திராத மூன்றாவது பிள்ளை வந்து வரிசையைச் சொல்லட்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு சிறுமி நெடுநேரம் குந்தியிருந்து பார்த்துவிட்டு, “ரீச்சர், இந்த இடத்தில மட்டும் தெரியுது, மற்ற இடத்தில தெரியாது” என்றாள். அதை அப்படியே கொப்பியில் எழுதச் சொன்னேன். தெரியும் இடத்தையும் தெரியாத இடத்தையும் பிரித்து எழுதியதுதான் அன்றைய மிகச் சிறந்த விடை.

பெயரைக் கடைசியில் எழுதுங்கள்

தன்சானியாவின் லெட்டோலியில் 3.66 மில்லியன் ஆண்டுப் பழைமையான எரிமலைச் சாம்பலில், 1976இல் ஐந்து தொடர் தடங்கள் கிடைத்தன. அவற்றின் விசித்திர வடிவைக் கண்டு, பின்கால்களில் எழுந்து நடந்த கரடியின் தடங்களாக இருக்கலாம் என்று கருதினார்கள். அதனால் அவை பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. 2019இல் அந்த இடத்தை மீண்டும் துப்புரவாக்கி அளந்தார்கள். அமெரிக்கக் கறுப்புக்கரடிக் குட்டிகளை இனிப்புக் காட்டி இரண்டு காலில் சேற்றில் நடக்க வைத்து அத்தடங்களுடன் ஒப்பிட்டார்கள். காட்டுக் கரடிகளின் ஐம்பது மணித்தியாலக் காணொளியைப் பார்த்து, அவை துணையின்றி இரண்டு காலில் நடப்பது மொத்த நேரத்தில் ஒரு வீதத்துக்கும் குறைவு என்று கண்டார்கள். குதிகாலின் அகலமும் பெருவிரலின் பருமனும் கரடியோடு பொருந்தவில்லை. 2021இல் அவை மனித மூதாதையொன்றின் தடங்கள் என்று அறிவித்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுத் தாமதத்துக்குப் பின் தீர்ப்பை மாற்றியது, மேலே சொன்ன குதிகாலும் விரலுந்தான்.

ஆகவே உங்கள் பதிவுத் தாளில் அளவுகள், வரைபடம், சேற்றின் தன்மை, தட வரிசை ஆகியவற்றுக்குப் பின்னரே விலங்கின் பெயருக்கான கட்டம் வரட்டும். கரடி என்ற முடிவுக்கு வந்த பிறகும் குகைக்கரடி என்று எழுத அவசரப்படாதீர்கள். பழுப்புக் கரடியும் அதே ஐரோப்பியக் குகைகளில் உறங்கியது; தடத்தின் வடிவை மட்டும் கொண்டு இரண்டையும் பிரிப்பது கடினம். அதே படையில் கிடக்கும் எலும்புகளும், அவற்றின் வயதும், பனியுறக்கக் குழிகளின் அளவும் துணை நின்றால் மட்டுமே அந்தப் பெயரை எழுதலாம்.

குகைக்குள் போக நேர்ந்தால்

ருமேனியாவின் சியூர்–இஸ்புக் குகையில் 1965இல் ஏறத்தாழ 400 மனிதத் தடங்களை எண்ணினார்கள். குகைக்கரடி எலும்புகள் கிடந்த அந்தத் தரையில், பின்னர் போனவர்களின் கால்பட்டும் இயற்கையாகவும் அழிந்து 51 தடங்களே எஞ்சியதாக 2014இல் எழுதினார்கள். ஷோவே குகையைக் கண்டவர்களோ தரையில் தடங்களைப் பார்த்ததும் ஒருவர் நடந்த வழியிலேயே மற்றவரும் நடந்து, அந்த வழியில் பிளாஸ்ரிக் விரிப்பையும் இட்டார்கள். இன்றும் ஆய்வாளர்கள் உலோக நடைபாதையில் மட்டுமே செல்கிறார்கள், பொதுமக்களுக்கு 2015இல் திறக்கப்பட்ட பிரதிக் குகைதான்.

நம் நாட்டுக் குகைகளிலும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். தரையில் ஐயத்துக்குரிய பதிவு ஏதும் கண்டால் நின்ற இடத்தில் நின்று, அளவுகோலை அருகில் வைக்காமல், கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பாலிருந்தே படமெடுத்து, வந்த வழியே திரும்பித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அனுமதியின்றித் தோண்டுவது சட்டப்படி குற்றம். உள்ளே போகும் முன் சப்பாத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைத்துவிடுங்கள்; முதுகுப்பையை வாயிலிலேயே வைத்துவிடுங்கள், குனியும்போது அதுதான் முதலில் சுவரில் உரசும்.